ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது

எழுபத்து நான்கு. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் எழுபத்து நான்குதான். காலையில் இதே மேசையில், காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்கிற இதே மீட்டர் ஒன்பது காட்டியது, நேற்றும் ஒன்பது, முந்தாநாள் எட்டு, அதற்கு முன்னால் ஒன்பது. பதினோரு நாளாக ஒன்பதும் எட்டுமாகவே ஓடியிருக்கிறது, நானும் தினம் நாலு மணிக்கு அதை வாசல் கரும்பலகையில் சாக்பீஸாலும் சுவரில் இருக்கும் சார்ட்டில் பச்சை ஸ்கெட்சாலும் எழுதிவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்று அழகு பார்த்திருக்கிறேன். இப்போது என் கையில் காது குடைகிற பஞ்சுக் குச்சி, அதன் நுனியில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் ஒரு பொட்டுக் குங்குமம், காய்ந்து ஓடாகிப் பெயர்ந்து வந்தது. மீட்டரின் பக்கவாட்டில் காற்று உள்ளே போகிற ஓட்டை ஒன்று உண்டு, மிளகு அளவுதான் இருக்கும், அதை அடைத்துக்கொண்டிருந்தது. காற்றே உள்ளே போகாமல் அது எதை அளந்தது. உள்ளே சிக்கிக்கொண்ட ஒரு துளிக் காற்றை, ஆயுத பூஜை அன்றைய காற்றை, திரும்பத் திரும்ப அளந்து ஒன்பது, ஒன்பது என்று சொல்லியிருக்கிறது. அதன் மேல் தப்பில்லை. மூக்கை அடைத்துவிட்டு என்ன வாசனை என்று கேட்டால் யாரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். மணி மூன்று பத்து. நாலு மணிக்குக் குடியிருப்பு வாரியத்து உதவிப் பொறியாளர், ஏ.இ., வருகிறார், அசோசியேஷன் செயலாளர் தனபால் அண்ணன் கூட்டிக்கொண்டு வருகிறார், இந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்த அறை எங்களுக்கா, இல்லை அண்ணனுடைய பந்தல் நாற்காலிகளுக்கும் அண்டாக்களுக்குமா என்று முடிவு. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ரெஜினா அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். தூங்கவில்லை. தூங்கினால் அவள் வாய் திறந்திருக்கும். எழுபத்து ஐந்து.

முதலில் ஃபில்டர். எதையும் யோசிப்பதற்கு முன் ஃபில்டர், ஏனென்றால் நான் யோசிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்த எழுபத்தைந்தை ரெஜினா அக்கா உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் கருவி என்று சொன்னால் பெரிய வார்த்தை, ஒரு டப்பா, நாலு பக்கமும் நாலு சதுர ஃபில்டர், தலையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், மூலைகளில் பிரவுன் டேப், அடியில் அட்டை. ஃபேன் காற்றை மேலே தள்ளும், நாலு பக்கமும் உள்ளே போகிற காற்று தூசியை ஃபில்டரில் விட்டுவிட்டு வரும். அவ்வளவுதான். சி பிளாக் தரைத்தளத்தில் பால்வாடிக்கு என்று கட்டி, பால்வாடியே வராமல், உடைந்த நாற்காலி அடுக்கிக் கிடந்த அறையை ஆறு மாதம் முன்னால் பதினான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து கழுவி, ஜன்னல் இடுக்குகளில் பழைய சேலைப் பட்டையைத் திணித்து, இந்த டப்பாவை நடுவில் வைத்தோம். மூச்சு அறை என்று பேர் வைத்தது மூன்றாம் மாடி மும்தாஜ். பிளாக்குக்கு வடக்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளம், கிழக்கே நிலக்கரி யார்டு, காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்களுக்கு ஏதோ ஒன்று வரும், துணி காயப் போட்டால் சாயங்காலம் உதறித்தான் மடிக்க வேண்டும். வீட்டுக்குள் தாளிப்பு, கொசுவத்தி, சாம்பிராணி. அதனால் ஒரு அறை, பிளாக்குக்கு ஒரே ஒரு அறை, அதில் இழுப்பு இருக்கிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வந்து ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று. இன்னொரு மீட்டர், சின்னது, சாப்பாட்டுப் பையில் போட்டு ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று சுற்றுகிறது, வாங்கிப்போகிறவர்கள் அடுப்பு பற்றவைக்கும்போது என்ன நம்பர், ஜன்னல் திறந்தால் என்ன நம்பர் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அது இன்று மும்தாஜ் வீட்டிலிருந்து மத்தியானம் திரும்பி வந்தது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அது எழுபத்தொன்று என்றது, இது ஒன்பது என்றது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, மும்தாஜ் வீட்டில் எண்ணெய்ப் புகை பட்டுச் சின்ன மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நல்ல நம்பரைச் சொல்வது நல்ல மீட்டர். பி.எஸ்சி. இயற்பியல் படித்த இந்த இளவஞ்சி அப்படித்தான் நினைத்தாள். வெளியே நூறைத் தாண்டி இருக்கும்போது உள்ளே எட்டும் ஒன்பதும் பதினோரு நாள் அசையாமல் இருக்குமா என்று ஒரு நாளாவது கேட்டேனா. கல்லூரி லேபில் ஒரே ரீடிங் மூன்று தடவை வந்தாலே கனெக்‌ஷனைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பீரோவில் புது ஃபில்டர் செட் இருக்கிறது. வெளிநம்பரில் பாதிக்கு மேல் உள்நம்பர் போனால் மாற்ற வேண்டும், அதுதான் எங்கள் விதி, ஒன்பதே காட்டிக்கொண்டிருந்ததால் மாற்றவில்லை. டேப்பைக் கிழிக்கிறேன், சத்தத்துக்கு ரெஜினா அக்கா ஒரு கண்ணைத் திறந்து மூடுகிறாள். பழைய ஃபில்டர் மடிப்பு மடிப்பாக, வெள்ளையாக வந்தது, இப்போது அடுப்புக்கரியைத் தேய்த்த மாதிரி இருக்கிறது. இதையும் நான் பார்த்தேன், தினம் பார்த்தேன். கருப்பாகிறது என்றால் வேலை செய்கிறது என்று வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டினேன். புது ஃபில்டரின் அம்புக்குறி உள்பக்கம் பார்க்க வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று, டேப் விரலில் ஒட்டிக்கொள்கிறது, நான்கு. ஃபேன் மறுபடி ஓடுகிறது, சத்தம் மாறிவிட்டது, அடைப்பு போன மாதிரி நிம்மதியாக ஊதுகிறது. எழுபது. அறுபத்தெட்டு. ஜன்னலைச் சேர்த்துச் சாத்தினால் இன்னும் வேகமாக இறங்கும், ஆனால் ரெஜினா அக்காவுக்கு விரலளவு திறந்திருக்க வேண்டும், முழுக்கச் சாத்தினால் பெட்டிக்குள் போட்ட மாதிரி இருக்கிறதாம். இறங்கட்டும், மெதுவாக இறங்கட்டும்.

அறுபத்தொன்று. சந்தனம் யார் வைத்தது என்று யாராவது கேட்பார்களா. அம்மாதான் வைத்தாள். ஆனால் அம்மா என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள், அதுதான் விஷயம். ஆயுத பூஜை அன்று காலையில் பிளாக் முழுக்க ஆட்டோ, மிக்சி, தையல் மிஷின், மீன் வெட்டுகிற கத்தி, எல்லாவற்றுக்கும் பொட்டு. அம்மா ஸ்கூலில் பெருக்குகிறவள், அவளுடைய துடைப்பத்துக்குக்கூடப் பொட்டு உண்டு. அறைக்கு ஒரு பூஜை போட வேண்டும் என்று பெண்கள் எல்லாம் வந்து நின்றார்கள், டப்பாவுக்குச் சாமந்தி மாலை, அதற்குப் பிறகுதான் டப்பா சாமி என்றே பேர் ஆனது. கற்பூரம் ஏற்றக் கூடாது, சாம்பிராணி கூடாது, வேண்டுமானால் வெளியே வராந்தாவில் என்று நான் அரை மணி நேரம் சண்டை போட்டேன். புகையை எடுக்க வைத்த சாமிக்கே புகை போடுவதா என்று சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன், ஜெயித்தும்விட்டேன். தட்டை வெளியே எடுத்துப் போனார்கள். நான் ஏதோ பெரிய அறிவியலைக் காப்பாற்றிவிட்ட மாதிரி நின்றேன். அப்போது அம்மா, சந்தனக் கிண்ணத்தோடு, எல்லோரும் போன பிறகு, மெதுவாக, இதுக்கு மட்டும் வெக்கட்டுமா பாப்பா, இதுல பொக இல்லல்ல என்று கேட்டாள். நான் ஃபோனில் ஜே பிளாக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன், அவர்களும் இதே மாதிரி அறை கேட்கிறார்கள், எம் பிளாக்கும் கே பிளாக்கும்கூட, மூன்று அறைக்கான மனு இந்த அறையின் முடிவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, நான் முகத்தைத் திருப்பாமல் வெய்யும்மா என்றேன். அவள் எதற்கும் நடுநெற்றி தேடுகிறவள். மீட்டருக்கு நெற்றி எங்கே. ஓட்டை இருக்கிற இடம் முகம் மாதிரி இருந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தி வைத்திருக்கிறாள், அந்த ரேகைகூடச் சந்தனத்தில் இருந்தது, பஞ்சுக் குச்சியில் உடைவதற்கு முன்னால் பார்த்தேன்.

அந்த ரேகையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். போன வருஷ ஆயுத பூஜையில் அது என் டிகிரி சர்டிஃபிகேட்டில் இருந்தது. வீட்டிலேயே விலைமதிப்பான கருவி அதுதான் என்று அம்மா அதைத் தாம்பாளத்தில் வைத்து, வலது மேல் மூலையில், எழுத்து எதுவும் மறையாத இடமாகப் பார்த்து, அந்த ஜாக்கிரதைதான் என்னைக் கொல்கிறது, ஒரு பொட்டு வைத்திருந்தாள். துடைத்தேன், எண்ணெய் இறங்கிவிட்டது, மஞ்சளாக ஒரு வட்டம். தை மாதம் ஒரு இன்டர்வியூ, குளிர்ந்த அறை, கண்ணாடி மேசை, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சர்டிஃபிகேட்டை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்து, என்னம்மா குழம்பு கொட்டிடுச்சா என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் சார் என்றேன். ஏன் ஆமாம் என்றேன். அதைப் பஸ்ஸில் வரும்போது கேட்டுக்கொண்டேன், இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது கேட்டுக்கொள்கிறேன். சந்தனம் சார், எங்கம்மா பூஜையில வெச்சாங்க என்று சொல்ல ஐந்து வார்த்தை ஆகியிருக்கும். குழம்பு கொட்டுகிற வீடு என்பது பொட்டு வைக்கிற வீடு என்பதைவிட மேல் என்று எனக்கு எப்படித் தோன்றியது. ரெண்டில் எதைச் சொன்னாலும் அவர் சிரித்திருப்பார், குழம்பைச் சொன்னால் என்னை மட்டும் சிரிப்பார், சந்தனத்தைச் சொன்னால் அம்மாவையும் சேர்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேனோ என்னவோ. அப்படி நினைத்திருந்தால் நல்லது. அப்படி நினைக்கவில்லை. வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டு. மணி மூன்று முப்பத்தைந்து. புதன்கிழமையை நினைக்கக் கூடாது என்று வேறு எதையெல்லாமோ நினைக்கிறேன். புதன்கிழமை, பூஜைக்கு ஆறாம் நாள், ரெஜினா அக்கா இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருஷம் யார்டில் கரி மூட்டை தைத்தவள், சாக்கு ஊசியும் சணலும், அதில் போன நெஞ்சு. மூணு மணிக்கு மேல் அவள் மூச்சில் அந்தச் சத்தம் வந்தது, பழைய கதவு மெதுவாகத் திறக்கிற மாதிரி. இழுப்புக்கு வைத்திருக்கிற பம்பை எடுத்து ரெண்டு தடவை வாயில் அடித்துக்கொண்டாள். இங்க ஏதோ சரியில்லடி என்றாள். அதற்கு நான் சார்ட்டைக் காட்டி, ஒன்பதுதான்க்கா இருக்கு, நம்ம பிளாக்லயே இதவிடச் சுத்தமான காத்து கிடையாது, உன் நெஞ்சு பழைய ஞாபகத்துல இழுக்குது என்றேன். அப்படியே சொன்னேன். பழைய ஞாபகத்துல. எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம், நல்ல வாக்கியமாக வேறு இருந்தது, அதைச் சொன்னதும் அவள் யோசித்துவிட்டு, இருக்கும்டி, மிசினு பொய் சொல்லுமா என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சுத்தமான காற்று என்று நம்பி, அதிகமாகவே, ஆழமாகவே இழுத்தாள், நான் அப்படிச் செய்யச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தார்கள். அங்கே ஒரு டாக்டர், பயப்படறதுனாலயும் இப்படி வரும்மா என்றாராம். மறுநாள் வந்தாள். வந்து இந்த டப்பாவின் தலையைத் தட்டி, உம்மேல ஒண்ணும் தப்பில்லடா, எனக்குத்தான் பயம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எட்டு என்று எழுதினேன்.

முப்பத்தாறு. இதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது. எழுபத்தைந்து பயமாக இல்லை, இறங்குவது பயமாக இருக்கிறது. ஏனென்றால் நாலு மணிக்கு இது இருபது வரும், பதினெட்டுகூட வரும், அது உண்மையான பதினெட்டு, யார் வந்து எந்த மீட்டரை வைத்துப் பார்த்தாலும் பதினெட்டு. ஏ.இ. பார்ப்பார், வெளியே நூற்றுப் பதினெட்டு, உள்ளே பதினெட்டு, சார்ட்டில் ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது, பிறகு பதினெட்டு, பரவாயில்லையே என்பார், கையெழுத்துப் போடுவார். சந்தனம் குப்பைத்தொட்டியில். கருப்பு ஃபில்டர் சாக்குப்பையில். யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். நாளையிலிருந்து எல்லாம் சரி. மூன்று பிளாக்குக்கு அறை கிடைக்கும், மூன்று பிளாக்கிலும் ஒரு ரெஜினா அக்கா இருப்பாள், அவர்களுக்காகச் சும்மா இருப்பது நல்ல காரியம் இல்லையா. சொன்னால் என்ன ஆகும். தனபால் அண்ணன் முகம் எனக்கு இப்போதே தெரிகிறது. கெட்டவர் இல்லை, இந்த ஃபேனை மார்க்கெட்டிலிருந்து தோளில் சுமந்து வந்தவரே அவர்தான், ஆனால் அவருக்கு அண்டா வைக்க இடம் வேண்டும், மீட்டர் பாக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு ரூமு என்று ஏ.இ. சொல்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டார், அவரே எடுத்துக் கொடுப்பார். ஏ.இ. சிரிப்பார். ரெண்டு விரலால் தூக்கிப் பார்க்கிற அதே சிரிப்பு. காத்து மிஷினுக்குச் சந்தனம் வெச்சாங்களாம் என்று ஆபீஸில் ஒரு வாரம் ஓடும். இந்த சனங்க இப்படித்தான்.

இந்த சனங்க. எனக்குள் ஏதோ ஒன்று இங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. யார்டு கேட்டில் ஒரு பெரிய மின்பலகை உண்டு, காற்றில் எவ்வளவு தூசி என்று ஊருக்குக் காட்டுவதற்காக வைத்தது, அதில் நம்பர் எரிந்து நான் பார்த்ததே இல்லை. ஸ்கூல் படிக்கும்போது அதன் நிழலில் நின்றுதான் பஸ் ஏறுவேன். அதை ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ரெண்டு விரலால் யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. கருப்பாக நிற்கிற பலகைக்கு யாரும் சிரிக்கவில்லை, மஞ்சளாக ஒரு பொட்டுக்குச் சிரிப்பார்கள். அவர்கள் நம்பரே சொல்ல மாட்டார்கள், அது அமைதியாகப் போய்விடும். நாங்கள் பதினோரு நாள் தப்பாகச் சொன்னோம், அது அறையைப் பிடுங்கக் காரணமாகும். எங்களுக்குத் தப்பு செய்கிற பாத்தியதை கிடையாது. வீட்டில் முதலில் படித்தவள் முதல் தடவையிலேயே சரியாகச் செய்ய வேண்டும், ஒரு பொட்டு சிந்தக் கூடாது, சிந்தினால் குழம்பு என்று சொல்லிவிட வேண்டும். மாட்டேன். யாரிடம் சொல்கிறேன், அறையில் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் மாட்டேன். கையை நீட்டிக் கரும்பலகைத் துணியை எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடு நடக்கலாம் என்று தோன்றுகிறது. நான் சும்மா இருந்தால் அறை தங்கும், புதன்கிழமை போய்விடும். புதன்கிழமை ரெஜினா அக்காவுக்குப் பயத்தால் இழுத்தது என்று ஆகிவிடும், என்றைக்கும் அப்படியே ஆகிவிடும், அடுத்த தடவை இழுக்கும்போதும் அவள் தன் நெஞ்சைத்தான் சந்தேகப்படுவாள். இந்த அறையே எதற்கு வைத்தோம். இத்தனை வருஷம், உங்களுக்கு ஒன்றுமில்லை, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று யார் யாரோ சொன்னதை மறுப்பதற்குத்தானே. புதன்கிழமை அதைச் சொன்னது நான். இருபத்தேழு. மூன்று நாற்பத்தெட்டு.

"அக்கா" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். பஞ்சுக் குச்சியை அவள் கண்ணுக்கு நேராக நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன், ஓட்டை, சந்தனம், நான் வெய்யும்மா என்றது, பதினோரு நாள், எழுபத்து நான்கு. அம்மாவை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது, விடவில்லை, ஆனால் வெய்யும்மா என்றதை ரெண்டு தடவை சொன்னேன். அவள் குச்சியைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். வெளியே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"அப்ப புதங்கெயம நான் பொய் சொல்லல."

"இல்லக்கா. நான்தான் சொன்னேன்."

"பயத்துல இல்ல."

"இல்ல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நெஞ்சில் கையை வைத்து, ஏதோ திரும்பி வந்த பொருளைத் தடவிப் பார்க்கிற மாதிரி தடவினாள். பிறகு சார்ட்டை மேலிருந்து கீழே பார்த்தாள், அவளுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும்.

"பி.எஸ்சி. படிச்சவ கண்ணு சந்தனத்துல அடைச்சுக்கிச்சா" என்றாள். "எய்து. நான் சொல்றத எய்து. அந்த நம்பரு பக்கத்துலயே."

பச்சை ஸ்கெட்சைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தேன். முதலில், சாக்பீஸோடு, வாசல் கரும்பலகை. பழைய ஒன்பதைத் துடைத்துவிட்டு எழுதினேன்: பதினோரு நாளாக இங்கே எழுதிய நம்பர்கள் தவறு. பூஜையில் வைத்த சந்தனம் மீட்டரை அடைத்திருந்தது. பார்க்காமல் விட்டது நான். இன்று மதியம் அறையில் இருந்தது 74. ஃபில்டர் மாற்றிய பிறகு இப்போது, உள்ளே எட்டிப் பார்த்தேன், 22. வெளியே 118. கீழே இளவஞ்சி, சி-9 என்று போட்டேன். சந்தனம் என்ற வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன் என்பதை எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். இருக்கட்டும். அது குழம்பு இல்லை.

உள்ளே வந்து சார்ட்டில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே நெஞ்சு என்று தலைப்புப் போட்டேன். ரெஜினா அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் தேதி சொல்லவில்லை, தேதி அவளுக்கு அன்றன்று வாங்கிய மீனில்தான் இருக்கிறது. பூசைக்கு மறுநாளு வெள்ளிக்கெயம, நெத்திலி, அன்னிக்கி ஒண்ணுமில்ல. சனிக்கிழமையும் ஒன்றுமில்லை. ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போய்ட்டு வந்து உக்காந்தேன், லேசா கரகரப்பு. திங்கள், காரப்பொடி மீன் வறுத்த அன்று, படி ஏறும்போது ரெண்டு தடவை நின்றாள். செவ்வாய், இழுப்பு, ஆனா யார்கிட்டயும் சொல்லல. நான் கையை நிறுத்தினேன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், அதான் நீ ஒம்போதுன்னு எய்திப்புட்டியே என்றாள், சாதாரணமாக, குழாயில் தண்ணி வரவில்லை என்று சொல்கிற மாதிரி. ஒன்பதுக்குப் பக்கத்தில் சிவப்பில் இழுப்பு என்று எழுதினேன். பார்க்கப் பார்க்க அந்த இரண்டு வரிசையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பச்சை வரிசை அசையவே இல்லை. சிவப்பு வரிசை, ஃபில்டர் கருப்பாகக் கருப்பாக, அப்படியே ஏறியிருக்கிறது. என்னுடைய மீட்டர் தூங்கிய பதினோரு நாளும் இந்த அறையில் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலியில், ஜன்னலோரமாக. நான் ரீடிங் எடுக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். தனபால் அண்ணன் மட்டும் முன்னால் வந்திருந்தார், கரும்பலகையைப் படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார், முகத்தில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. ஏ.இ. எச் பிளாக் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுவாராம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா, தொடச்சுடு. இப்பதான் இருவத்திரெண்டு காட்டுதுல்ல, அதப் போடு, போதும். எனக்கும் ரூம் வேணும்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக நீ அசிங்கப்பட்டுத் தர வேணாம்."

அவர் கையில் ஈரத்துணி இருந்தது. வரும் வழியில் குழாயில் நனைத்திருக்கிறார். அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, நல்ல மனசோடுதான் கொண்டு வந்திருக்கிறார், நல்ல மனசோடுதான் அம்மாவும் வைத்தாள், நல்ல மனசோடுதான் நானும் பழைய ஞாபகத்துல என்றேன். துணியை வாங்கினேன். வாங்கி, மடித்து, மேசை மேல் வைத்தேன். "தொடைக்க மாட்டேண்ணா" என்றேன். அவர் வாயைத் திறந்தார், ரெஜினா அக்கா அவரைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினாள், இரு என்கிற மாதிரி, அவர் இருந்தார்.

புதன்கிழமைக்கு வந்தோம். சீலா மீன் தலை வாங்கின அன்னிக்கி, என்றாள். பிறகு, இங்கயே இழுத்துச்சு, சொன்னேன், ஆஸ்பத்திரி, மூணையும் எய்து என்றாள். கட்டம் போதவில்லை, ஓரத்தில் தள்ளி எழுதினேன், சொன்னேன் என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன். வியாழன், நெபுலைசர் வைத்ததால் லேசு. வெள்ளி, மத்தியானம் வரை பரவாயில்லை, பிறகு பம்பு ரெண்டு.

வெள்ளியை எழுதிக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் ஷூ சத்தம் நின்றது. கரும்பலகைக்கு முன்னால்தான் நிற்கிறது. ஒரு ஆள் அதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதற்கு மேலும் அந்த ஷூ நகரவில்லை. பிறகு ஏ.இ. உள்ளே வந்தார், எங்களை, டப்பாவை, மேசை மேல் இருந்த இரண்டு மீட்டரை, சிவப்பும் பச்சையுமாக இருந்த சார்ட்டைப் பார்த்தார். இருபத்தொன்று. சிரிக்கவில்லை. சிரிக்கப் போகிறாரா என்றும் தெரியவில்லை. வெளியே எழுதியிருப்பது யார் என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். அப்படியென்றால் இந்த நம்பர்களை வைத்து நான் என்ன முடிவெடுப்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி, வாயைத் திறக்கிறேன், அதற்குள் ரெஜினா அக்கா பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காரு சார். இன்னும் மூணு நாளு பாக்கி கீது. எய்தி முடிச்சிடட்டும்."

சனிக்கிழமை, என்றாள் என்னிடம். நான் சிவப்பு ஸ்கெட்சை எடுத்தேன்.